குசினி மேடைக்கு என்ன போடுறது?

எங்கட திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் வீடு திருத்துற ஆக்களுக்கு: குசினி மேடையில முதல் காசு கீழிருக்கிற கொங்கிரீட்டுக்குத்தான் போகவேணும். உப்புக்காத்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து கொங்கிரீட்டையே வெடிக்கப்பண்ணும். கம்பிக்கு மேல சீமெந்துக் கலவை தடிப்பா நிக்கட்டும், அதில மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மேலுக்கு மார்பிள் வேண்டவே வேண்டாம். புளி, தேசிக்காய் பட்டா அரிச்சு மங்கிடும். டைல்ஸ் மலிவு, ஆனா பாரை மீன் வெட்டுற வீட்டில இடுக்கெல்லாம் மஞ்சளும் இரத்தமும் ஊறும். அதால நாங்க வெட்டுற பக்கம் மட்டும் கறுப்பு கிரனைட், அடுப்படிக்கு டைல்ஸ் என்று முடிவெடுத்தம். பெரிய வேலைகளில மிஞ்சின கிரனைட் துண்டுகளைக் கடையில கேட்டுப்பாருங்க.

மேடை உயரத்தை மட்டும் அம்மாவை நிக்கவைச்சு, முழங்கையைப் பார்த்து மேசன் அளந்தார்.