பினாங்கு வெயிலில் ஒரு கைலி

வானொலி நிலையத்தில் எங்கள் ஒலிபரப்பு அறை எப்போதும் குளிராகத்தான் இருக்கும். இயந்திரங்கள் சூடாகிவிடக் கூடாதாம். அதனால், தடித்த ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கைகளைத் தேய்த்தபடியே, "நேயர்களே, இன்று வெயில் கடுமை. வெளியே போகிறவர்கள் தண்ணீர் நிறைய குடியுங்கள்" என்று சொல்வது என் வழக்கம். பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்பது கடந்த விடுமுறையில், பினாங்கு ஜார்ஜ்டவுனில், நண்பகல் பன்னிரண்டரை மணிக்குத்தான் எனக்குப் புரிந்தது.

என்னோடு வந்தவன் என் தம்பி. வயது 21. கிராஃபிக் டிசைன் படிக்கிறான். கறுப்பு ஹூடி, இறுக்கமான கறுப்பு ஜீன்ஸ், கனமான ஸ்னீக்கர்ஸ். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அம்மா கேட்டார், "ஏன்டா, பினாங்குக்குப் போறியா, லண்டனுக்குப் போறியா?" அவன் சிரித்துவிட்டு, "இது ஸ்திரீட்வேர்மா, உங்களுக்குப் புரியாது" என்றான்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பெட்டிக்குள் நல்ல குளிர். மெல்லிய சட்டையில் நான் நடுங்கிக்கொண்டிருக்க, அவன் ஹூடியை இழுத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அதுவரை வெற்றி அவனுக்குத்தான்.

பெரியில் தீவுக்கு வந்து இறங்கியதும் நிலைமை மாறியது. ஆர்மீனியன் தெருவில், 2012-இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்தின் முன் படமெடுக்க வரிசை. நிழல் இல்லாத இடத்தில் இருபது நிமிடம் நின்றோம். பிறகு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைத் தாண்டி லிட்டில் இந்தியா பக்கம் நடந்தோம். லெபோ பாசார் முனையை நெருங்கும்போது தம்பி பேசுவதை நிறுத்திவிட்டான். திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை கொட்டியது. "அக்கா, தலை சுத்துது" என்றவன் ஒரு துணிக்கடையின் காக்கி லீமாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. கடைக்கார அங்கிள்தான் வேலை செய்தார். ஹூடியைக் கழற்றச் சொன்னார். காலணியைக் கழற்றி, கடைக்குள் காற்றாடிக்கு நேராகப் படுக்க வைத்தார். அடுக்கிலிருந்து ஒரு கைலியை உருவி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவன் கழுத்திலும் நெஞ்சிலும் போட்டார். "கொஞ்சம் கொஞ்சமா குடிக்கக் கொடுங்கம்மா, ஒரேயடியா வேணாம்" என்றார். அரை மணி நேரத்தில் தம்பிக்கு நிறம் திரும்பியது. அருகிலிருந்த கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வெப்பச் சோர்வு என்றார் மருத்துவர். கவனிக்காமல் இன்னும் நடந்திருந்தால் ஹீட் ஸ்ட்ரோக்கில் போய் முடிந்திருக்கலாம் என்றும், அது உயிரையே பறிக்கக்கூடியது என்றும் சொன்னார். ஆரோக்கியமான 21 வயதுப் பையன்!

நம் வானிலை ஆய்வுத் துறை வெப்பத்தை மூன்று நிலையாகப் பிரிக்கிறது. தொடர்ந்து மூன்று நாளாவது 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை. 37-ஐத் தாண்டி 40 வரை போனால் வெப்ப அலை. அதற்கும் மேல் போனால் கடும் வெப்ப அலை. ஆனால் நம் ஊரில் டிகிரி மட்டும் கணக்கில்லை. வியர்வை காற்றில் உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. நமது காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை உலர மறுக்கிறது. அதன்மேல் காற்றுப் புகாத தடித்த துணியையும் போட்டுக்கொண்டால், உடலுக்குச் சூட்டை வெளியேற்ற இருக்கும் முக்கிய வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம்.

மாலையில் அந்தக் கடைக்கு நன்றி சொல்லப் போனோம். நனைத்த கைலிக்குக் காசு கொடுத்தபோது அங்கிள் வாங்க மறுத்தார். அதனால் வேறொன்றை விலைக்கு எடுத்தேன். நீலக் கட்டம் போட்டது. மலாய்க்காரர்கள் இதைக் 'காயின் பெலிகாட்' என்பார்கள். ஏன் அந்தப் பெயர் என்று தம்பிதான் கேட்டான்.

"பழவேற்காடு தெரியுமா தம்பி? மெட்ராஸுக்கு வடக்கே. வெள்ளைக்காரன் வாயில அது புலிக்காட். அங்கேயிருந்து கப்பல்ல வந்த துணி, அதான் பெலிகாட்."

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி அங்கிருந்து கீழை நாடுகளுக்கு வந்தது; மிளகும் கிராம்பும் வாங்க அதுவே நாணயம்போலப் பயன்பட்டது. நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் சூலியா தெரு, அந்தக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. வெயில் நாட்டில் நெய்து, வெயில் நாட்டில் விற்று, நூற்றாண்டுகளாக வெயிலில் உடுத்திப் பார்த்த துணி இது. தம்பியின் ஹூடியோ குளிர் நாடுகளின் தெருக்களில் பிறந்தது.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்கவும் அங்கிள் சொல்லிக்கொடுத்தார். இப்போது வரும் கைலிகளில் பல பாலியஸ்டர் கலந்தவை. ஓரத்து நூல் ஒன்றை இழுத்துத் தீக்குச்சியில் காட்ட வேண்டும். பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கறுப்பு மணிபோலக் கெட்டியாகும். கடைக்காரர் அனுமதித்தால் மட்டுமே, சரியா? இல்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கஞ்சி போடாத பருத்தி அதை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும்.

மறுநாள் ஒரு சோதனை செய்தோம். தம்பிக்குத் தளர்வான வெளிர்நிறப் பருத்திச் சட்டை, முழங்கால் வரை கால்சட்டை, செருப்பு. தோளில் அந்தக் கைலி. "தாத்தா டிவி பார்க்கிற மாதிரி இருக்கேன்" என்று முணுமுணுத்தான். அண்மை ஆண்டுகளில் மலேசிய தினத்தையொட்டி தலைநகரில் நடக்கும் 'கெரெத்தாப்பி சாரோங்' படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். சாரோங்கும் ஸ்னீக்கர்ஸுமாக ரயிலேறும் இளையர் கூட்டம். கொஞ்ச நேரம் பார்த்தான். "கலர் காம்பினேஷன் நல்லாத்தான் இருக்கு" என்றான். அந்த வயதுக்கு அது பெரிய பாராட்டு.

காலையில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பிறகு பள்ளிவாசல். இரண்டு இடத்திலும் கால்சட்டைக்கு மேல் கைலியைக் கட்டிக்கொண்டான். உடை பற்றி யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெயில் ஏறியதும் அதுவே தலைத் துண்டானது. 11 முதல் 3 மணி வரை தெருவில் அலையாமல், ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ரயிலேறி பினாங்குக் கொடிமலைக்குப் போனோம். கீழே இருப்பதைவிடச் சில டிகிரி குறைவு. மேலே மழை பிடித்துக்கொண்டது. இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நனைந்த பருத்தி சீக்கிரம் உலராது, மலைக்காற்றில் உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுங்க வைக்கும். பையில் உள்ளங்கை அளவுக்கு மடிக்கும் மழைச்சட்டை ஒன்று இருந்ததால் நான் தப்பித்தேன். தன் ஹூடியே போதும் என்று அதைச் சுமந்து வந்த தம்பி சொட்டச் சொட்ட நின்றான்.

வெயிலும் மழையும் இப்படி ஒரே நாளில் வந்து போகும் ஊரில், பயணத்துக்கு என்னதான் எடுத்துப்போவது? எங்கள் அனுபவத்தில்: தளர்வான பருத்தி அல்லது லினன் சட்டை இரண்டு, காற்றோட்டமான முழுக்கால் சட்டை ஒன்று, மெல்லிய மழைச்சட்டை, அகலமான தொப்பி, ஒரு கைலி. போர்வை, துண்டு, திரை, உட்காரும் விரிப்பு எல்லாமே கைலிதான். இரவில் துவைத்துக் காற்றாடிக்குக் கீழே போட்டால் காலையில் தயார்.

இதற்காகப் புதிதாக ஒரு மூட்டைத் துணி வாங்கிவிடாதீர்கள். ஒரு பருத்தி டிசட்டை உருவாக சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பாலியஸ்டரோ பெட்ரோலியத்திலிருந்து வருவது. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகளை நீரில் விடுகிறது. பருவநிலைக்கு மிகவும் நல்ல சட்டை, ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருப்பதுதான். போதவில்லையென்றால் பண்டல் கடைகள் இருக்கின்றன. அங்கே பத்து ரிங்கிட்டுக்குக் கிடைத்த லினன் சட்டையைத்தான் நான் அன்று போட்டிருந்தேன்.

திரும்பும் ரயிலில் அதே குளிர். ஈர ஹூடி பிளாஸ்டிக் பையில் கிடந்தது. தம்பி நீலக் கட்டக் கைலியைக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு, ஈப்போ வருவதற்குள் குறட்டை விட்டான். மெல்லிய லினன் சட்டையில் நான் கைகளைத் தேய்த்துக்கொண்டே கோலாலம்பூர் வந்து சேர்ந்தேன். இரண்டாக வாங்கியிருக்க வேண்டும்.