அலாஸ்கா போகும் முன் பூம்புகார்!

"அம்மா, நீயும் அப்பாவும் இங்கே வரும்போது அலாஸ்காவுக்குக் கப்பலில் போகலாம். ஏழு ராத்திரி. பனிப்பாறை கடலில் இடிந்து விழுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்!"

சியாட்டிலில் இருக்கும் என் பெண் இப்படிச் சொன்னதும் முதலில் என் முழங்கால்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அடுத்தது இவருடைய இருமல்.

இவருக்கோ ஒரே குஷி. கும்பகோணத்தை விட்டால் திருப்பதி, திருப்பதியை விட்டால் கும்பகோணம் என்று முப்பது வருஷம் ஓட்டிய மனிதர். "கப்பல்ல நமக்கு என்ன வேலை? சாப்பிடறோம், தூங்கறோம், வேடிக்கை பார்க்கறோம். அம்பத்தெட்டு வயசுக்காரனுக்கும் அம்பத்திரண்டு வயசுக்காரிக்கும் இதை விடத் தோதா வேற என்ன இருக்கு?" என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பெண்ணைக் குடைந்து குடைந்து சில விஷயங்களைத் தெரிந்து கொண்டேன். அந்தக் கப்பல்கள் வருஷம் முழுவதும் ஓடுவதில்லை. பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான். அதாவது அங்கே கோடை. அந்தக் கோடைப் பகலிலேயே சாதாரணமாக 10 முதல் 18 டிகிரிதானாம். பனிப்பாறைக்குப் பக்கத்தில் போனால் இன்னும் குளிரும், அடிக்கடி மழையும் உண்டு. நம் டெல்டாவில் தை மாத விடியற்காலையிலேயே ஏறத்தாழ 20 டிகிரி இருக்கிறது. அங்கே உச்சி வெயில் நேரம் இங்கே மார்கழிக் கோலம் போடும் நேரத்தை விடக் குளிர் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்!

புதுப் புடவை வாங்கினால் ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகுதானே முழுதும் நனைக்கிறோம்? இத்தனை பணம் போட்டு, இரண்டு நாட்டு விசா வாங்கி (இந்தக் கப்பல்கள் வழியில் கனடாத் துறைமுகத்தையும் தொடுகின்றன), ஏழு நாள் குளிர்க் கடலில் மிதப்பதற்கு முன்னால் நாமும் ஓரத்தை நனைத்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. குளிர், தண்ணீர், படகு, நாங்கள் இரண்டே பேர். நான்கும் பக்கத்திலேயே கிடைக்கின்றன: விடியற்காலைப் பூம்புகார் கடற்கரையும் பிச்சாவரத்துப் படகும்.

மார்கழி விடுமுறையிலேயே கிளம்பலாம் என்றார் இவர். நான்தான் தடுத்தேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை, புயல். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஆரம்பித்த பயணிகள் கப்பலையே மழைக் காலத்தை உத்தேசித்து அந்த மாதமே நிறுத்த வேண்டி வந்தது. ஆகவே பொங்கல் கழிந்து, கனுப்பிடியும் வைத்து முடித்து, சீர்காழியில் ரூம் போட்டுக் கொண்டு கிளம்பினோம். குழந்தைகள் இல்லாமல், கல்யாணம் காட்சி என்ற சாக்கும் இல்லாமல், நாங்கள் இருவர் மட்டும் வெளியூரில் தங்கியது அதுதான் முதல் தடவை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது!

விடியுமுன் பூம்புகார் போய்ச் சேர்ந்தோம். சீர்காழியிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். வழி நெடுக சம்பா கதிர் தலை சாய்த்துக் கிடந்தது. பனியில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் தெரிந்தது.

பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்த்தால் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முக்கொம்பிலேயே வெள்ளத்தில் பெரும் பங்கைக் கொள்ளிடத்துக்குக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் வாய்க்காலுக்கும் வயலுக்கும் வாரி வழங்கிவிட்டு, கடைசியில் ஒல்லியாக வந்து நிற்கிறாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடிச்சட்டியோடு உட்காரும் அம்மாக்கள் ஞாபகம் வந்தது எனக்கு. மேட்டூரை ஜனவரி 28 வரை திறந்து வைப்பது வழக்கம் என்பதால் தையில் போனால் கொஞ்சமாவது தண்ணீரைப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் இதே இடத்தில்தான் சோழர்களுடைய பெரிய துறைமுகம். கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பக்கத்துக் கீழையூரில் 1960-களில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறையும், படகு கட்டும் மரத்தூண்களும் கிடைத்தன. ஊருக்குள் 1973-இல் எழுப்பிய ஏழுநிலை மாடச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் கதையைச் சொல்லி அழைத்துப் போங்கள். கடலில் மட்டும் இறக்க வேண்டாம், அலை முரட்டு அலை.

கல் மேல் உட்கார்ந்து சூரியன் வருவதைப் பார்த்தோம். கடல் காற்று சிலுசிலுவென்று அடித்தது. எனக்கோ ராத்திரியில் திடீர் திடீரென்று உடம்பு கொதித்துப் போர்வையை உதறித் தள்ளும் வயசு. (இந்த வயசுப் பெண்களுக்குச் சொல்லாமலே புரியும்.) அந்தக் குளிர் காற்று எனக்கு அமிர்தம்! ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக் கொண்டேன். இவர் மஃப்ளரை இரண்டு சுற்று சுற்றிக் கொண்டு லொக் லொக்கென்று இருமினார்.

"என்னங்க, நெஞ்சு அடைக்குதா?"

"ஒண்ணுமில்ல. பனி."

கண்ணகியும் ஒரு கடல் வணிகர் வீட்டுப் பெண்தான், மாநாய்கன் மகள். ஆனால் கணவனோடு அவள் போன பயணம் கப்பலில் இல்லாமல் கால்நடையாக அமைந்தது. இந்தக் காவிரிக் கரையோடுதான் மதுரைக்குக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி, மதுரை எங்கே என்று அவள் கேட்க, கோவலன் இதோ கிட்டத்தில்தான் என்கிற மாதிரி சிரித்துக் கொண்டே சொன்னதாக இளங்கோவடிகள் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்திலிருந்தே கணவன்மாருக்கு இந்த "ஒண்ணுமில்ல" பழக்கம் இருக்கிறது!

மறுநாள் காலை பிச்சாவரம். சீர்காழியிலிருந்து கொள்ளிடம் தாண்டி, சிதம்பரம் வழியாகப் போக வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், சுமார் 1,100 ஹெக்டேரில் கடலோரச் சதுப்புக் காடு. அலையாத்திக் காடு என்று பெயர். பெயருக்கேற்ப, 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அலையின் வேகத்தைக் குறைத்து உள்ளே இருந்த கிராமங்களைக் காப்பாற்றிய காடு இது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம் இங்கே நிறைய. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, குழந்தைகள் கிளையை ஒடிக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். 1975-இல் வந்த 'இதயக்கனி' படத்தை இங்கே எடுத்தார்கள் என்பது இவர் எனக்கு நாலு தடவை சொன்ன செய்தி.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. குறுகலான கால்வாய்களுக்குள் நுழைந்து பார்க்கத் துடுப்புப் படகுதான் சரி. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: படகில் ஏறும்போது ஓரத்தில் காலை வைக்காதீர்கள், ஆடும். படகுக்காரர் கையைப் பிடித்துக் கொண்டு நடுவில் காலை ஊன்றி, உடனே உட்கார்ந்து விடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டோ எடுப்பதற்காகக் கழற்ற வேண்டாம். ஏறுமுன் பாத்ரூம் போய்விட்டு வந்துவிடுங்கள். குளிரில் சிறுநீர் அதிகம் போகும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் தப்பு.

உள்ளே போகப் போக என்ன அழகு, என்ன நிசப்தம்! இரண்டு பக்கமும் மரங்கள் வேரையே காலாக ஊன்றிக் கொண்டு தண்ணீரில் நிற்கின்றன. தலைக்கு மேலே கிளைகள் பின்னிக் கொண்டு பந்தல். வெயில் காசு காசாக விழுகிறது. கொக்கும் நாரையும் நம்மைச் சட்டை செய்வதே இல்லை. எனக்குத் தலை சுற்றவில்லை, வயிற்றைப் புரட்டவில்லை. முழங்கால் கூடச் சமர்த்தாக இருந்தது. அலாஸ்காவுக்கு நான் ரெடி என்று மனசுக்குள் சொல்லிக் கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து இவருக்கு ஒரு ஆசை. "கொஞ்சம் துடுப்பைக் குடுங்க தம்பி. பொண்ணுக்கு ஒரு போட்டோ அனுப்பணும்."

பத்துப் பதினைந்து தடவை வலித்திருப்பார். துடுப்பு கையிலிருந்து நழுவியது. முதலில் இருமல், அப்புறம் வீசிங். விசில் மாதிரி சத்தம். பேச முடியவில்லை. தோள் இரண்டும் ஏறி இறங்குகின்றன. உதடு வெளுத்துப் போய்விட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அவசர அவசரமாக இவரை மடியில் சாய்த்துப் படுக்க வைக்கப் போனேன்.

"படுக்க வைக்காதீங்கம்மா! நேரா உக்காத்தி வைங்க, கொஞ்சம் முன்னால குனிஞ்சாப்ல. கழுத்துத் துணியைத் தளர்த்துங்க. எங்க அப்பாருக்கும் இதேதான்" என்று சொல்லிக் கொண்டே அந்தப் பிள்ளை படகைத் திருப்பிவிட்டான். கரைக்கு வர இருபது நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அது இருபது வருஷம். அத்தனை தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்ததும் மெல்ல மெல்லச் சரியாயிற்று. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "உங்க இன்ஹேலர் எங்கே?"

"என்ன இன்ஹேலர்?" என்றேன் நான்.

இவர் சீலிங்கைப் பார்த்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. போன வருஷமே ஆபீசுக்குப் பக்கத்து டாக்டர் ஒருவர் ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழகிவிட்டால் விட முடியாது என்று யாரோ சொன்னார்களாம். நாலு நாள் உபயோகித்துவிட்டு ஆபீஸ் மேஜை டிராயரில் போட்டுவிட்டார். என்னிடம் சொன்னால் அலாஸ்காவுக்கு நான் தடை போட்டுவிடுவேன் என்று பயம்!

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் இந்த மூச்சுச் சத்தத்தைக் குறட்டை என்று நினைத்திருக்கிறேனே!

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். குளிர்ந்த காற்று மூச்சுக் குழாயைச் சுருக்கும். கூடவே உடம்பை வருத்தி வேலை செய்தால் இன்னும் சுருக்கும். இன்ஹேலரில் மருந்தின் அளவு கொஞ்சம்தான், அது நேரே நுரையீரலுக்குப் போகிறது. தினசரி எடுக்க வேண்டியது ஒன்று, திணறல் வரும்போது எடுப்பது வேறொன்று. தினசரி மருந்தை இழுத்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும். குளிரில் வெளியே போனால் மஃப்ளரைக் கழுத்தோடு நிறுத்தாமல் மூக்கையும் வாயையும் மூடிக் கொள்ள வேண்டும், உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும். குளிர் ரத்தக் குழாய்களையும் சுருக்குவதால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று சொல்லி, அதையும் அளந்தார். எனக்கும் சேர்த்து!

"அலாஸ்கா போகலாமா டாக்டர்?" என்றார் இவர், அந்த நிலையிலும்.

"தாராளமா. மூணு மாசம் மருந்தை ஒழுங்கா எடுத்து, ஊதிப் பார்க்கிற டெஸ்ட் சரியா வரட்டும். அப்புறம் கேளுங்க."

ஆகவே, அப்பா அம்மாவைக் குளிர் தேசக் கப்பலில் அனுப்ப ஆசைப்படும் பெண்களே, "வயசு அம்பத்தஞ்சுதானே, நல்லாத்தானே இருக்காங்க" என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது அப்பாவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டில் குளிர் எனக்கு மருந்து, இவருக்கு விஷம். இருவரையும் தனித்தனியாக டாக்டரிடம் அனுப்புங்கள். தனித்தனியாக அனுப்பினால்தான் உண்மை வெளிவரும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இருக்கிற வியாதியை மறைக்கவே கூடாது, பிறகு பணம் கிடைக்காமல் போகலாம். பெரிய கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் கட்டணம் நம் கையிலிருந்துதான். பெரிய ஆஸ்பத்திரி நடுக்கடலில் ஏது? மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டால் அது அறைக்கு வந்து சேர நேரமாகும், கைப்பையிலேயே இருக்கட்டும். வயிற்றைப் புரட்டினால் இஞ்சி மரப்பா தேவலை. தூக்கம் வரும் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை. அப்புறம், "இந்த வருஷம் வேண்டாம்மா" என்று புக் பண்ணியதை நிறுத்திவிட்டாள். இவருக்கு முகம் தொங்கிப் போயிற்று. எனக்கும்தான் வருத்தம், சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது எங்கள் சமையலறை அலமாரியில் காபி ஃபில்டருக்குப் பக்கத்தில் இன்ஹேலர் நிற்கிறது. டிகாஷன் இறங்கும் நேரத்தில் இவர் மருந்தை இழுத்து, கொப்பளித்துவிட்டு வந்தால்தான் காபி. வருகிற தை பிறந்ததும் மறுபடியும் விடியற்காலைப் பூம்புகார், மறுநாள் பிச்சாவரம். மூச்சு சமர்த்தாக இருந்தால் அதற்கடுத்த ஜூனில் அலாஸ்கா. அந்தப் படகுக்காரப் பிள்ளையின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். போன வாரம் பேசினேன். தாராளமாக வரச் சொன்னான். ஐயாவுக்குத் துடுப்பு மட்டும் தரமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டான்.