புதுப் பாட்டுக்குக் காது வேண்டும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு வாய் காபி வைத்துக்கொண்டு படியுங்கள். விஷயமும் காபிக்கடை பற்றியதுதான்.

நம் பக்கம் ஒரு பாட்டு என்றால் எழுதுபவர் ஒருவர், மெட்டுப் போடுபவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர். மூன்றையும் ஒருவரே செய்து, கையில் ஒரு கிடாருடன் காபிக்கடையில் பாடும் பழக்கம் அமெரிக்காவில் 1950களின் கடைசியிலும் 60களிலும் நன்றாகப் பரவியது. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் இப்படிப் பல கடைகள். பலவற்றில் பாடகருக்குச் சம்பளம் கிடையாது. பாடி முடித்ததும் ஒரு கூடை சுற்றி வரும். அதில் விழும் சில்லறைதான் அன்றைய வரும்படி. அதனால் 'கூடைக் கடை' என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. 1961 ஜனவரியில் அங்கே வந்து இறங்கிய 19 வயதுப் பையன் பாப் டிலன் அப்படித்தான் ஆரம்பித்தார். 2016இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1961இல் டிலன், சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 'கஃபே லீனா'விலும் பாடினார். லீனா ஸ்பென்சரும் அவர் கணவர் பில்லும் 1960இல் திறந்த சின்ன மாடிக்கடை அது. கொஞ்ச காலம் நடத்தி, பணம் சேர்த்துக்கொண்டு ஐரோப்பா போய்விடலாம் என்பது அவர்கள் கணக்கு. டிலன் பாடியபோது கூட்டம் கவனிக்காமல் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருந்ததாம். பில் மேடையேறி, பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கச் சொன்னார் என்பார்கள். பிறகு பில் பிரிந்து போய்விட்டார். லீனா தனியாகவே அந்தக் கடையை 1989இல் இறக்கும்வரை நடத்தினார். இன்றும் அங்கே பாட்டு நடக்கிறது.

நாஷ்வில் நகரில் 'புளூபேர்ட் கஃபே' என்று ஒன்று உண்டு. ஏமி கர்லண்ட் என்ற பெண் 1982இல் தொடங்கியது. சுமார் 90 பேர்தான் உட்காரலாம். 1985இலிருந்து அங்கே ஒரு வழக்கம்: பாட்டு எழுதுபவர்கள் நடுக்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிட்டு, முறை வைத்துப் பாடுவார்கள். கேட்க வருபவர்களுக்கு ஒரே விதி, 'உஷ்'. பெரிய கம்பெனிகள் திருப்பி அனுப்பிய கார்த் புரூக்ஸ் அங்கே பாடித்தான் ஒப்பந்தம் பெற்றார். டெய்லர் ஸ்விஃப்டை, பதின்ம வயதில், ஓர் இசை நிறுவன அதிகாரி கவனித்ததும் அங்கேதான்.

அந்த 'உஷ்'ஷின் மதிப்பு ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை தானே எழுதிய நாலு வரியை எழுந்து நின்று வாசிக்கும்போது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வந்தால் போதும். அந்த நோட்டு அதன்பிறகு வெளியே வராது.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உங்களில் ஒருவன் (பெயர் வேண்டாம்) போன மாதம் போன் செய்தான். வேலை பார்க்கும் ஊரில் ஒரு காபிக்கடையில், சனிக்கிழமைகளில், சொந்தமாகத் தமிழில் எழுதி மெட்டமைத்துப் பாடுகிறானாம். "டீச்சர், ரெண்டாவது பாட்டுலயே சினிமாப் பாட்டு பாடுங்கன்னு சீட்டு வருது. என் பாட்டை யாரும் கேக்கல. விட்டுடலாம்னு இருக்கேன்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

சினிமாப் பாட்டு எனக்கும் உயிர்தான். ஆனால் அதை நாம் ஏற்கெனவே நூறு தடவை கேட்டாயிற்று. புதுப் பாட்டுக்கு முதல் தடவை என்று ஒன்று வேண்டும் அல்லவா? நமக்கும் இது அந்நியமான விஷயம் இல்லை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், கதை சொல்லித் தாமே பாடியவர். எதிரே உட்கார்ந்து கேட்க ஆள் இருந்ததால்தான் அவை ஊர் ஊராகப் பரவின.

அவனிடம், "இன்னும் ஆறு மாதம் பாடு. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் அது பிறந்த கதையை ரெண்டு நிமிஷம் சொல்" என்றேன். சரி என்று சொல்லியிருக்கிறான்.

மீதி வேலை நம்முடையது. எந்த ஊரில் இருந்தாலும், ஒரு கடையில் ஓர் இளம்பிள்ளை தன் பாட்டைப் பாடினால், போனைக் கவிழ்த்து வையுங்கள். பாட்டு முடியும்வரை பேச்சை நிறுத்துங்கள். உண்டியலோ க்யூஆர் அட்டையோ இருந்தால், ஒரு காபியின் விலையையாவது போடுங்கள். கிளம்பும்போது, எந்த வரி பிடித்தது என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். வெறுமனே "சூப்பர்" என்று சொன்னால் மதிப்பெண் கிடையாது!

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்