தோல் காத்திருக்காது

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வேலை ஆய்வகத்தில் தொடங்காது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஏதாவது ஒரு மாங்கூழ் ஆலையின் பின்கட்டில்தான் தொடங்கும். முன்வாசலில் பெங்களூரா மாம்பழம் லோடு லோடாக இறங்கும். பின்வாசலில் தோலும் கொட்டையும் குவியும். பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பின்வாசல் வழியாகவே போய்விடுகிறது. குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தால் கதகதப்பாக இருக்கும். காலையில் கொட்டியது மாலையில் புளிப்பு வாடை அடிக்கும்.

நாங்கள் தேடிப் போவது அந்தத் தோலில் இருக்கும் பாலிபீனால்களை. மாஞ்சிஃபெரின், கேலிக் அமிலம் போன்றவை சதையைவிடத் தோலில்தான் கூடுதல். எண்ணெய் சிக்குப்பிடிப்பதைத் தள்ளிப்போட இவை உதவும். ஆனால் அவை செல்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. சாக்ஸ்லெட் கருவியில் ஏற்றினால் மணிக்கணக்கில் கரைப்பான் கொதித்து வடிய வேண்டும். மீயொலி அரை மணிக்குள் வேலையை முடித்துவிடும்.

அந்த மீயொலியை எழுப்பும் சோனிகேட்டர் பார்வைக்கு எளிய சாமான்தான். விரல் தடிமனில் ஒரு டைட்டானியம் கம்பி நொடிக்கு 20,000 முறை அதிர்கிறது. அதிர்வில் நீர்மத்தின் அழுத்தம் சட்டென்று குறையும்போது நுண்குமிழ்கள் பிறக்கும். அழுத்தம் ஏறும்போது அவை நசுங்கி உடையும். தோல் துணுக்கின் பக்கத்தில் உடையும் குமிழி ஊசிபோல ஒரு தாரையை அதன்மேல் பாய்ச்சும். செல்சுவர் கிழியும், உள்ளே இருப்பது வெளியே வரும். குமிழி இப்படி நசுங்கும்போது எழும் அழுத்தத்தை ரேலே பிரபு 1917-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். கப்பல் சுழலிகளை அரித்துத் தின்னும் அதே குமிழ்கள்தான் எங்களுக்குக் கூலியாள்.

20,000 அதிர்வு காதுக்கு எட்டாது. ஆனாலும் கருவியைப் போட்டால் அறையில் எண்ணெய்ச் சட்டி சீறுவதுபோல ஒரு சத்தம் எழும். அது குமிழ்கள் உடையும் இரைச்சல். காதுக் கவசம் மாட்டித்தான் வேலை செய்ய வேண்டும். மாட்டினாலும் சத்தத்தின் மாற்றம் தெரியும். சீறல் ஒரே சீராக இருந்தால் சரி. நுரை பொங்கிக் கம்பியின் முனை காற்றில் நின்றால் சத்தம் வெறிச்சோடும். பீக்கரில் முனை இடித்தால் பல் கூசும் ஒரு கீச்சல்.

கருவியில் 500 வாட் என்று எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. 200 மில்லி தண்ணீரில் கம்பியை இறக்கி, இரண்டு நிமிடத்தில் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பேன். ஆறு டிகிரி ஏறினால் தண்ணீருக்குள் இறங்கியது 42 வாட் அளவுதான். இந்தக் கணக்கைப் போடாமல் இன்னொருவரின் செய்முறையை அப்படியே பின்பற்றினால் அதே விளைச்சல் வராது.

வெப்பம் ஏறினால் சாறு நன்றாக இறங்கும் என்று சமையலறை அனுபவம் சொல்லும். இங்கே அது ஓரளவுக்குத்தான் செல்லும். சூடு கூடினால் குமிழிக்குள் ஆவி நிறைந்து மெத்தைபோலத் தாங்கிக்கொள்ளும்; உடைதலின் வேகம் குறையும். எத்தனாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பீக்கரைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, ஐந்து நொடி ஓட்டம், ஐந்து நொடி ஓய்வு என்று விட்டுவிட்டு ஓட்டுவதே என் வழக்கம்.

முதல் சீசனில் எனக்கு விளைச்சல் பேராசை. இருபது நிமிடத்தில் இவ்வளவு என்றால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு என்று ஓட்டிப் பார்த்தேன். குமிழி உடையும் சூட்டில் தண்ணீரே சிதைந்து வீரியமான துகள்கள் பிறக்கும். எடுத்த பாலிபீனாலை அவையே தின்றுவிடும். இலை கழுவிய தண்ணீர்போல ஒரு சாறுதான் மிஞ்சியது.

அதைவிடப் பெரிய பாடம் சாக்கு மூட்டையில் வந்தது. ஒரு நாள் வண்டி தாமதமாகி, தோல் இரவு முழுவதும் மூட்டையிலேயே கிடந்தது. மறுநாள் எடுத்த சாறு கடுங்காப்பி நிறம். நேரத்தை மாற்றினேன், வீச்சை மாற்றினேன், இரண்டு வாரம் கருவியையே திட்டினேன். மொத்த பாலிபீனாலை அளக்கும் ஃபோலின் சோதனையில் நீலம் ஓரளவு ஏறியது கொஞ்சம் தெம்பு தந்தது. ஆனால் அந்த நீலம் வைட்டமின் சி-க்கும் ஏறும். பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி.-யில் போட்டபோதுதான் மாஞ்சிஃபெரின் முகடு தேய்ந்து கிடந்தது தெரிந்தது. தோல் உரிந்த உடனே அதன் நொதிகள் பாலிபீனாலைக் கருக்கத் தொடங்கிவிடுகின்றன. கூழ் ஆலையிலேயே கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கி, 50 டிகிரியில் காயவைத்துப் பொடித்த தோலில் அந்த முகடு மீண்டும் நிமிர்ந்தது. கருவியின் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாம்பால் பட்டு உதடு வெந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த எரிச்சலூட்டும் பொருளும் தோலில்தான் இருக்கிறது. எத்தனாலைக் கூட்டக் கூட்ட அதுவும் சாற்றில் இறங்கும். தோட்டத்தில் அடித்த மருந்தின் மிச்சமும் அங்கேதான். இயற்கையானது என்பதால் மட்டும் அந்தச் சாற்றை மாத்திரையாக்கி விற்றுவிட முடியாது.

தோலில் காசு இருக்கிறதாமே, எந்த சோனிகேட்டர் வாங்கலாம் என்று கூழ் ஆலைக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: பின்கட்டில் முதலில் ஒரு உலர்த்தி போடுங்கள். சோனிகேட்டர் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.