கேட்ட இடத்தில் நிற்கும் பேருந்து

பரிமாற்ற மாணவியாக ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படித்தேன். ஜூன் மாதம் பெந்தெகொஸ்தே விடுமுறை ஒரு வாரம் வந்தது. உடன் படித்த ஸ்பெயின் தோழியும் துருக்கித் தோழியும் நானும் பெர்லினுக்குக் கிளம்பினோம்.

பகலெல்லாம் ஊர் சுற்றினோம். அருங்காட்சியகத்தில் எகிப்திய அரசி நெஃபர்டிட்டியைப் பார்த்தோம். நாஜிகள் பிடித்துவைத்த யூதக் கணவர்களை விடச்சொல்லி 1943இல் மனைவிகள் நாள்கணக்கில் நின்ற ரோசன்ஸ்ட்ராஸ தெருவுக்குப் போனோம். 1919இல் கொல்லப்பட்ட ரோசா லக்சம்பர்க்கின் உடலை வீசிய கால்வாய்க் கரையில், உலோக எழுத்துகளில் அவர் பெயர் இருந்தது.

அங்கே ஜூனில் பொழுது சாயவே ஒன்பதரை ஆகிறது. அதன் பிறகுதான் எங்கள் இரவு தொடங்கும். நாங்கள் போன கிளப்பில், கைப்பேசி கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகே உள்ளே விட்டார்கள். யாரும் யாரையும் படம் எடுக்க முடியாது. எவன் எங்கே பார்க்கிறான், துப்பட்டா எங்கே விலகுகிறது என்ற கணக்கு ஏதும் இல்லாமல் நான் ஆடியது அன்றுதான்.

ஒருநாள் எனக்கு முதலில் தூக்கம் வந்துவிட்டது. தோழிகள் ஆடட்டும் என்று தனியாகக் கிளம்பினேன். பெர்லின் நகரப் பேருந்துகளில் இரவு எட்டு மணிக்கு மேல், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலும் இறக்கிவிடச் சொல்லிக் கேட்கலாம். கேட்டேன். தங்கியிருந்த கட்டடத்தின் வாசலிலேயே ஓட்டுநர் நிறுத்தினார்.

மணி இரண்டு. ஊரில் ஐந்தரை, அம்மா வாசல் தெளிக்கும் நேரம். போனில் சொன்னேன்.

"தனியாவா வந்தே?"

"பஸ்லம்மா. வாசல்லயே இறக்கிவிட்டார்."

"நல்ல டிரைவரா இருந்திருக்காரு. புண்ணியவான்."

அம்மாவின் அந்தச் சொல்லை நெடுநேரம் யோசித்தேன். அவர் நல்லவரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவையும் இருக்கவில்லை. அது அங்கே ஏற்பாடு. நம் ஊரிலோ பெண்ணின் ஒவ்வோர் இரவும் யாரோ ஓர் ஆணின் நல்ல மனதை நம்பி இருக்கிறது.

பெர்லின் சொர்க்கமல்ல. ரயிலில் ஒருவன் இரண்டு ஸ்டேஷன் வரை எங்களையே முறைத்தபடி வந்தான். அங்கும் பெண்கள் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்திருக்கிறது. 1977 ஏப்ரல் 30 அன்று, இரவை மீட்போம் என்று மேற்கு ஜெர்மனியின் பல நகரங்களில் பெண்கள் ஊர்வலம் போனார்கள். தனியாக நடந்து வீடு திரும்புகிறவர் அழைத்தால், வீடு சேரும்வரை பேசிக்கொண்டே வரும் தன்னார்வலர்களின் தொலைபேசிச் சேவையும் அங்கே உண்டு. அந்த ஊர்களிலும் ஆபத்து இருக்கிறது. அதற்காகப் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டவில்லை.

இங்கே என் கல்லூரி விடுதியில் பெண்களுக்கு மாலை ஆறரை, ஆண்களுக்கு இரவு பத்து. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத விதிகளை விடுதியில் அவர்கள்மேல் சுமத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் நமக்குக் கட்டணமில்லை. ஏறக் காசு வேண்டாம். ஆனால் ஆறரைக்குள் இறங்கிவிட வேண்டும்!

திரும்பி வந்ததும் நாங்கள் பதினோரு பேர் கையெழுத்திட்டு, அந்த ஒழுங்குமுறையின் நகலையும் இணைத்து விடுதிக் காப்பாளரிடம் மனு கொடுத்தோம். "உங்க அப்பா அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். என் அம்மாவுக்குத் தெரியும். பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.