கை எட்டும் தூரம்

சிவகாசிப் பட்டாசு ஆலைகளின் அறைகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் சிறிய அளவே முதலில் கண்ணில் படும். மருந்து கையாளும் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். இரும்புக் கருவிக்கு அங்கே இடமில்லை, மரமும் பித்தளையும்தான். இவ்விதிகளை வகுத்தவர்களின் மனத்தில் இருந்தவர் உட்கார்ந்து வேலை செய்யும் தொழிலாளி அல்லர், எழுந்து ஓடும் தொழிலாளி. அந்தக் கணத்தில் தோள் பட்டாலே கதவு திறக்க வேண்டும். கை பிடியைத் தேடலாகாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டியில் 30க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் இது. ஆகவே ஓர் அறையில் எது எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி எங்களுக்கு அலங்காரத்தைப் பற்றியது அன்று.

எங்களுக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றில், 2014இல் ஒரு சிறு விமானம் பறந்தது. தொடுபுழாவை அடுத்த சிற்றூர்க்காரரான சஜி தாமஸ் தம் கையால் கட்டியது. பிறவியிலேயே செவித்திறனும் பேச்சும் இல்லாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் அதை ஓட்டிக் காட்டினார். 2017இல் வந்த 'விமானம்' என்ற மலையாளப் படத்துக்கு இவர் வாழ்க்கையே தூண்டுதல். அச்செய்தியைப் படித்த நாள் முதல் எங்கள் நண்பர் குழுவில் ஒரு பேச்சு ஓயவில்லை. விமானிகள் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே பாதி ஓட்டுகிறார்கள். ஒலியே இல்லாத ஒருவர் விமானத்தைக் கட்டும்போது, மீதமிருக்கும் கண்ணும் தோலும் எவ்வளவு சுமக்க வேண்டும்!

வீட்டில் கட்டும் விமானத்தில் இறக்கைக்கு வரைபடம் உண்டு. அதிலிருந்து விலக எவருக்கும் துணிவு வராது. விமானி அமரும் அந்தக் குறுகிய கூட்டில்தான் கட்டுபவரின் சொந்த விருப்பம் நுழைகிறது. பிடியை இங்கே வைத்தால் என்ன, குழாயை அப்படிக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றும். அப்படி ஒரு விருப்பத்தின் விலையை 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கொடுத்தார்.

அவர் அண்மையில் வாங்கியிருந்த லாங்-ஈஸி விமானம் வேறொருவர் கட்டியது. வடிவமைத்த பர்ட் ரூட்டன், எரிபொருள் தொட்டியை மாற்றும் வால்வை விமானியின் முன்பக்கம் வைக்கச் சொல்லியிருந்தார். கட்டியவரோ அதை இருக்கைக்குப் பின்னால், இடத்தோளுக்கு மேலாகக் கொண்டுபோனார். எரிபொருள் குழாய்கள் விமானி அமரும் இடத்துக்குள் வரவேண்டாம் என்பது அவர் எண்ணம். யோசித்துப் பார்த்தால் அது பாதுகாப்பை நினைத்து எடுத்த முடிவுதான். அதுவே எங்களை மிகவும் உறுத்துகிறது.

வால்வைத் திருப்ப வேண்டுமானால் ஓட்டுக்கோலை விட்டு, தலையை இடப்பக்கம் திருப்பி, வலக்கையைப் பின்னால் நீட்ட வேண்டும். அப்படித் திரும்பும் உடல் தாங்குதலுக்காக வலக்காலை ஊன்றும். காலடியில் இருப்பதோ சுக்கான் மிதி. பிடியில் எந்தக் குறியும் இல்லை. வலப்பக்கம் திருப்பினால் இடத் தொட்டி திறக்கும். எரிபொருள் அளவைக் காண ஒரு கண்ணாடி தேவைப்பட்டது. பூட்டுக் குறடு ஒன்றை மாட்டிப் பிடியை நீட்டிக்கவும் தரையிலேயே முயன்றார்கள், பயன்படவில்லை. எரிபொருள் நிரப்பவா என்று கேட்டபோது, வேண்டாம், ஒரு மணி நேரந்தான் பறக்கப்போகிறேன் என்றார் டென்வர். விமானம் மாண்டரே விரிகுடாவில் விழுந்தது. விசாரணை வாரியம் 1999இல் வெளியிட்ட முடிவில் அந்த வால்வின் இடமும் ஒரு காரணமாக இடம்பெற்றது.

இது புதிய பாடம் அன்று. 1943 வாக்கில் பி-17 குண்டுவீச்சு விமானங்களில், தரையிறங்கியபின் ஃபிளாப்பை மடக்க வேண்டிய விமானிகள் சக்கரத்தை மடக்கிவிடுவது வாடிக்கையாக இருந்தது. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. ஒன்றில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். இருட்டிலும் விரல் அறிந்துகொண்டது. திராட்டில் கறுப்பு, எரிபொருள் கலவைப் பிடி சிவப்பு, புரொப்பெல்லர் பிடி நீலம் என்ற வழக்கமும் இதே குடும்பம். இன்று சொந்தமாகக் கட்டுவோர் பெரிய வண்ணத்திரைக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். குமிழுக்குக் கடையில் கிடைத்ததை மாட்டுகிறார்கள். எங்களுக்கு இது முறையாகப் படவில்லை.

கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதும் முன்பே முடிவாக வேண்டிய ஒன்று. சிறு விமானங்களில் பரவலாகப் பயன்படும் ராட்டக்ஸ் 912 இயந்திரத்தின் கார்புரேட்டரில் ஒரு சுருள்வில் உண்டு; திராட்டில் கம்பி அறுந்தால் அது வேகத்தைக் குறைக்காது, முழுவேகத்துக்கு விட்டுவிடும். வானில் இருப்பவனுக்கு அது நல்லது. தரையிறங்க வேண்டிய வேளையில் இக்னிஷன் சுவிட்சை அணைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியும். ஆகவே அந்தச் சுவிட்சு எட்டாத இடத்தில் இருந்தால் சுருள்வில்லின் நன்மை அரைகுறையாகிவிடும்.

அனுபவசாலிகள் உலோகத்தைத் தொடுமுன் அட்டையில் ஒரு மாதிரி செய்து உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். காலண்டர் அட்டை மலிந்த எங்கள் ஊருக்கு ஏற்ற யோசனை. வெறுமனே அமர்ந்தால் போதாது. தோள்வார்களை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு பிடியாகத் தொட வேண்டும். தாழ்ந்த இறக்கை உள்ள விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தால் மேல்மூடி திறக்காமல் போகலாம். அதற்காகப் பலர் உள்ளே ஒரு சுத்தியல் வைக்கிறார்கள். அட்டைக் கூட்டில் அமர்ந்திருக்கும்போதே, வார் இறுகிய நிலையில், அந்தச் சுத்தியலுக்கும் கையை நீட்டிப் பார்த்துவிட வேண்டும்.