பழைய ஐபாட் ஸ்கிரீனில் ஒரு முழுப் பக்கம்

ஒரு ரப்லெற் "செத்துப்போச்சு" எண்டு நாங்கள் சொல்லும்போது, பெரும்பாலும் அதில் ஏதோ ஒரு உறுப்புத்தான் செத்திருக்கும். பற்றரி ஊதியிருக்கும். சார்ஜ் ஏத்துற வாய் உப்புக்காத்தில் கறள் பிடித்திருக்கும். முன்கண்ணாடி வெடித்திருக்கும். இல்லாட்டி எல்லாம் நல்லாய் இருந்தும், மென்பொருள் பழசாகி ஒரு செயலியும் ஏறாமல் நிண்டிருக்கும். கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் பூட்டியிருந்தபோது சூம் வகுப்புக்கெண்டு கடன்பட்டு வாங்கியவை, வெளிநாட்டிலிருந்து மாமா, சித்திமார் கொடுத்துவிட்டவை என்று மன்னாரில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் இவை கிடக்கின்றன. அவற்றில் மிக விலை கூடிய பாகம் ஸ்கிரீன். பல நேரம் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த ஸ்கிரீனைக் கழற்றி வேறொன்றுக்குப் பாவிக்கலாமா என்பதுதான் எங்கட கேள்வி. சில ரப்லெற்றுகளில் முடியும், பலதில் முடியாது. ஏன் முடியாது என்பதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறோம்.

முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் 2012 மார்ச்சில் வந்த மூன்றாவது ஐபாட். 9.7 அங்குல ஸ்கிரீனில் 2048க்கு 1536 புள்ளிகள், அதாவது ஒரு அங்குலத்துக்கு 264. அதே ஆண்டு வந்த நான்காவது ஐபாட்டிலும் இதே அளவுதான். இதற்கு எல்ஜி செய்த பனலின் முதுகில் எல்பி097கியூஎக்ஸ்1 என்று தொடங்கும் இலக்கம் இருக்கும். ஐபாட்டின் பின்பக்கத்தில் ஏ1416 அல்லது ஏ1458 என்று பொடி எழுத்தில் இருந்தால், நீங்கள் தேடுவது அதற்குள் இருக்கிறது.

இந்தப் பனலின் நல்ல குணம் அது பேசும் மொழி. கணினியிலிருந்து மொனிட்டருக்குப் படம் கொண்டுபோகும் டிஸ்பிளேபோர்ட் முறையின் உள்வீட்டு வடிவமான இடிபி என்ற முறையில் இது வேலை செய்கிறது. இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள் மாதிரி. அதனால் நடுவில் மொழிபெயர்ப்பு வேண்டாம்; கம்பிகளைச் சரியாகச் சேர்த்து, பனலுக்கு 3.3 வோல்ற்றும் பின்னால் ஒளிரும் எல்ஈடிகளுக்கு அதைவிடப் பல மடங்கு கூடிய வோல்ற்றும் கொடுத்தால் போதும். இதைச் செய்யும் சின்னச் சேர்க்கிட் பலகைகளை அமெரிக்காவின் அடாஃப்ரூட் நிறுவனம் விற்றது. சீனக் கடைகளும் விற்கின்றன. எச்டிஎம்ஐ வாய் மட்டும் உள்ள ராஸ்பெரி பை போன்றவற்றுக்கு இந்த எளிய பலகை சரிவராது. சமிக்ஞையை மாற்றும் சிப் உள்ள, விலை கூடிய பலகை வேண்டும். ஆகவே சுகமான வழி, ஸ்கிரீன் உடைந்து மூலையில் போட்ட, டிஸ்பிளேபோர்ட் சொக்கெற் உள்ள ஒரு பழைய லப்டொப். இரண்டு கழிவுகள் சேர்ந்து ஒரு முழுச் சாமான் ஆகும்.

"உதுக்கேன் இவ்வளவு பாடு? பாவிச்ச மொனிட்டர் ஒண்டு வாங்கலாமே தம்பியவை" என்று ரிப்பேர் கடை அண்ணை கேட்டார். நியாயமான கேள்விதான். படம் பார்க்க, கணக்கு எழுத என்றால் நாங்களும் அதையேதான் சொல்லுவோம். ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது வாசிக்க ஒரு ஸ்கிரீன்.

உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை ஆறு அங்குலப் போனில் பெருப்பித்துப் பெருப்பித்து, ஒரு கேள்வியைப் பார்க்க மூன்று தரம் விரலால் இழுத்துத்தான் படிக்கிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் எங்கட ஆட்களின் பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து கிடக்கின்றன. அவையும் போனில் அதே கதிதான். 19 அங்குலப் பழைய மொனிட்டரில் 1440க்கு 900 புள்ளிகள்தான். முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் வைத்தால் மேலிருந்து கீழே 900 வரிதான் கிடைக்கும். ஐபாட் பனலை நிமிர்த்தி வைத்தால் 2048. தமிழில் இது சின்ன வித்தியாசமில்லை. மங்கலான ஸ்கானில் முதலில் காணாமல் போவது புள்ளி. பிறகு ி எது, ீ எது என்று தெரியாது. 'பட்டம்' என்பதும் 'படடம்' என்பதும் ஒன்றாகிவிடும். பனலின் அகலமும் கிட்டத்தட்ட ஏ5 தாளின் அகலம்தான். ஒரு சிறுசஞ்சிகைப் பக்கம் ஏறக்குறைய தன் சொந்த அளவிலேயே அதில் நிற்கும்.

மின்சாரக் கணக்கையும் பார்க்க வேணும். இரண்டாவது ஐபாட்டின் பற்றரி 25 வாட்மணி. மூன்றாவதற்கு அப்பிள் 42.5 வாட்மணி போட்டது. கூடுதல் தீனியில் பெரும்பங்கு இந்த ஸ்கிரீனுக்குத்தான். சோலாரில் ஓட்ட நினைக்கிறவர்கள் வெளிச்சத்தைப் பாதியாக்கினால் நல்லது. வாசிக்க அது போதும். எங்கட காத்துக்கு, கேபிள் செருகும் இடம் திறந்து கிடக்கக் கூடாது. மூடிய பெட்டிக்குள் வையுங்கள். ஊதிய பற்றரியைக் குத்தவோ வளைக்கவோ வேண்டாம். அது தீப்பிடிக்கும், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இனி முடியாதவை. மலிவான அன்ட்ரொயிட் ரப்லெற்றுகள் பலதில் போன்களுக்கான டிஎஸ்ஐ என்ற முறை இருக்கிறது. பனலை எழுப்ப அதற்கென்றே ஒரு கட்டளை வரிசை அனுப்ப வேண்டும். அந்த வரிசை உள்ள ஆவணத்தைப் பனல் செய்தவர்கள் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. கண்ணாடி எங்கட கையில், திறப்பு அவர்களிட்ட. இன்னொரு பூட்டு பசை. மூன்றாவது ஐபாட்டில் முன்கண்ணாடி வேறு, பனல் வேறு. கண்ணாடி நொறுங்கினாலும் பனல் தப்பும். 2014இல் வந்த ஐபாட் எயர் 2இல் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். மெல்லிசாக, வடிவாக இருந்தது. ஆனால் ஒன்று உடைந்தால் மற்றதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

2022இல் உலகத்தில் சேர்ந்த மின்கழிவு 6 கோடி 20 இலட்சம் தொன் என்றும், முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம்தான் என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதே 2022இல் இங்கே மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ரூபாவளவுக்குப் போனது. ஒரு சின்னப் பலகையை வரவழைப்பதுகூட யோசிக்க வேண்டிய செலவாயிற்று. அப்படியான நாட்டில், கடன்பட்டு வாங்கின சாமானின் நல்ல பாதியை எறியச் சொல்வது அநியாயம். திருத்தும் உரிமை என்று மற்ற நாடுகளில் சட்டம் கேட்கிறார்கள். நாங்களும் கேட்க வேண்டியது அதுதான்: சாமானோடு அதன் ஆவணமும் வரவேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பழைய ரப்லெற்றை எறிய முதல், திறக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு பனலின் முதுகில் உள்ள இலக்கத்தை எழுதி எடுங்கள். அதை இணையத்தில் தேடி, இடிபியா டிஎஸ்ஐயா என்று பாருங்கள். இடிபி என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள். வினாத்தாள் படிக்க ஸ்கிரீன் இல்லாத பிள்ளை உங்கள் தெருவிலும் இருக்கும்.